பூங்கா வேலைகளை நகர மன்றம் எப்படிக் கண்காணிக்க வேண்டும்? புதிய குழு உறுப்பினர் ஒருவருக்கு விரிவான பதில்

கேள்வி இதுதான்: "நகர மன்றத்துக்குப் புதிதாகத் தேர்வாகியிருக்கிறேன். பூங்கா, விளையாட்டுத் திடல் வேலைகளைக் கண்காணிக்கும் குழுவில் என்னைப் போட்டிருக்கிறார்கள். கோப்பு வந்தால் கையெழுத்துப் போடுவது, திறப்பு விழாவுக்குப் போய் நிற்பது, இதற்கு மேல் இந்தக் குழுவுக்கு வேலை இருக்கிறதா? எதைக் கேட்க வேண்டும், எப்போது கேட்க வேண்டும்?"

வேலை நிறைய இருக்கிறது. உள்ளாட்சிப் பணிகளின் கணக்கைத் தணிக்கை செய்வதிலேயே என் பணிக்காலம் முழுவதும் போனது. சாலை, வடிகால், குடிநீர், கட்டடம் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறேன். இவற்றில் மன்றக் கூட்டத்தில் மிகக் குறைவாகக் கேள்வி கேட்கப்படுவது பூங்கா வேலைதான். குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் அன்று மாலையே உறுப்பினர் வீட்டு வாசலில் ஆள் நிற்பார்கள். பூங்காவில் புல் காய்ந்தால் யாரும் வருவதில்லை. சத்தம் போடாமல் பூங்காவுக்குப் போவதை நிறுத்திவிடுகிறார்கள், அவ்வளவுதான். புகார் வராததால் எல்லாம் சரியாக இருப்பதாகவே மன்றம் நினைத்துக்கொள்கிறது.

பெரும்பாலான குழுக்கள் ஒரு பூங்காவை இரண்டே நாள்தான் பார்க்கின்றன: நிதி ஒதுக்கித் தீர்மானம் போடும் நாள், ரிப்பன் வெட்டும் நாள். நான் பார்த்த வரையில் பணமும் இடமும் கைவிட்டுப் போனதெல்லாம் அந்த இரண்டு நாளிலும் இல்லை. தீர்மானத்துக்கு முன்னால் நிலத்தின் ஆவணத்தில் போகும், இடையில் மண்ணுக்கு அடியில் போகும், விழாவுக்குப் பிறகு பராமரிப்பில் போகும். ஆகவே உங்கள் கேள்விகளையும் அந்த மூன்று இடத்துக்குக் கொண்டுபோங்கள்.

முதலில் நிலம். கோப்பு உங்கள் மேசைக்கு வந்ததும் வண்ணப் படங்களைத் தள்ளி வைத்துவிட்டு, "இந்த நிலம் யார் பெயரில் இருக்கிறது, எந்த நோக்கத்துக்காக வந்தது, நகர வரைபடத்தில் என்ன என்று குறிக்கப்பட்டிருக்கிறது?" என்று கேளுங்கள். வாய்மொழிப் பதில் போதாது. பத்திர நகலும் வரைபட நகலும் கோப்பில் இருக்க வேண்டும். இந்தக் கேள்விக்கு எதிரில் இருப்பவர் கொஞ்சம் சலிப்படைவார். பரவாயில்லை, கேளுங்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதற்கு இங்கிலாந்தின் ஷ்ரூஸ்பரி நகரத்து வழக்கைச் சொல்கிறேன். அங்கே 1926-இல் மக்களின் பொழுதுபோக்குக்காக நகரம் வாங்கிய திடல் ஒன்று இருந்தது. காலப்போக்கில் அதன் ஒரு பகுதி நாற்றுப் பண்ணையாகிப் பிறகு புதர் மண்டிக் கிடந்தது. அது பொதுமக்களுக்காக அறக்கட்டளைப் பொறுப்பில் வைத்திருக்கும் நிலம் என்பது அலுவலகத்தில் யாருக்கும் நினைவில் இல்லை. 2017-இல் நகர மன்றம் அந்தப் பகுதியை வீடு கட்டும் நிறுவனத்துக்கு விற்றுவிட்டது. அந்த நாட்டுச் சட்டப்படி திறந்தவெளி நிலத்தை விற்குமுன் உள்ளூர்ச் செய்தித்தாளில் தொடர்ந்து இரண்டு வாரம் அறிவிப்பு வெளியிட்டு, ஆட்சேபணைகளைப் பரிசீலிக்க வேண்டும். அதைச் செய்யவில்லை. வீடு கட்ட அனுமதியும் கொடுத்தாகிவிட்டது. குடியிருப்பாளர் ஒருவர் விடாமல் போராடி உச்ச நீதிமன்றம் வரை போனார். 2023-இல் தீர்ப்பு வந்தது: அறிவிப்பு கொடுக்காததால் அந்த நிலத்தின் மீது மக்களுக்கிருந்த உரிமை விற்பனையால் அற்றுப்போகவில்லை, வாங்கியவர் கைக்குப் போன பிறகும் அது நிலத்தோடு தொடர்கிறது. கட்டட அனுமதி ரத்தானது.

நினைத்துப் பாருங்கள். இரண்டு வாரச் செய்தித்தாள் விளம்பரம், அதற்கு முன் பழைய ஆவணத்தைப் புரட்டிப் பார்க்கும் ஒரு பிற்பகல். அந்த ஒரு பிற்பகலைச் செலவழிக்காததற்கு எத்தனை வருட வழக்கு, எவ்வளவு வக்கீல் செலவு! தெரிந்தே செய்த மோசடி என்று அங்கே யாரும் சொல்லவில்லை. ஆவணத்தைக் கேட்க ஆளில்லாமல் போனதுதான் நடந்தது.

தெரிந்தே செய்வதும் உண்டு. இந்தியாவில் இரண்டு தீர்ப்புகள் இந்த விஷயத்தில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படும். பெங்களூரில் பூங்காவுக்கென ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனை கட்டக் கொடுத்தார்கள். அந்தப் பகுதிக் குடியிருப்பாளர்கள் தொடுத்த வழக்கில் 1991-இல் உச்ச நீதிமன்றம் அந்த ஒதுக்கீட்டைச் செல்லாதென்றது. மருத்துவமனை நல்ல காரியம்தானே என்று வாதாடியது எடுபடவில்லை. பூங்காவை நம்பி அங்கே குடிவந்த மக்களுக்கு வழக்குத் தொடுக்கும் உரிமை உண்டு என்பதும் அந்தத் தீர்ப்பில் உறுதியானது. இரண்டாவது லக்னோ. பழைய பூங்கா ஒன்றின் அடியில் நிலத்தடி வணிக வளாகம் கட்ட, டெண்டர் விடாமலே ஒரு கட்டுமான நிறுவனத்தோடு மாநகராட்சி ஒப்பந்தம் போட்டது. 1999-இல் உச்ச நீதிமன்றம் கட்டியதை இடித்துவிட்டு அந்த இடத்தை மறுபடியும் பூங்காவாக்கச் சொன்னது. பொதுச் சொத்தை மன்றம் அறங்காவலராகத்தான் வைத்திருக்கிறது என்பது இந்தத் தீர்ப்புகளின் அடித்தளம். உங்கள் குழுவின் அதிகாரத்துக்கும் அடித்தளம் அதுதான்.

நிலத்தைப் பற்றி இன்னும் ஒன்று. திட்டம் நடக்க வேண்டிய இடம் முழுவதும் கைக்கு வரும்வரை கட்டுமான ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட விடாதீர்கள். லண்டனில் தேம்ஸ் நதியின் மேல் மரஞ்செடிகளோடு ஒரு தோட்டப் பாலம் கட்டத் திட்டமிட்டார்கள். தென்கரையில் பாலம் இறங்க வேண்டிய நிலத்தின் உரிமை கைக்கு வரவில்லை. ஆனாலும் கட்டுமான ஒப்பந்தம் போட்டார்கள். 2017-இல் திட்டம் கைவிடப்பட்டது. அதற்குள் செலவான தொகை 5.3 கோடி பவுண்டுக்கு மேல், அதில் சுமார் 4.3 கோடி பொதுப் பணம். பாலத்தில் ஒரு கல்கூட வைக்கவில்லை. படம் அழகாக இருந்தது, பெரிய மனிதர்கள் ஆதரித்தார்கள், அதனால் நிலம் எங்கே என்று கேட்பது விளக்கெண்ணெய் குடித்ததுபோல் ஆகியிருக்கும். அப்படி முகம் சுளிக்க வைக்கும் கேள்வியைக் கேட்பதற்காகத்தான் குழு.

அடுத்தது மதிப்பீடு. மதிப்பீட்டின் மொத்தத் தொகையை எல்லோரும் பார்ப்பார்கள். நீங்கள் அதில் இல்லாததைத் தேடுங்கள். தண்ணீர் எங்கிருந்து வரும்? மின் இணைப்புக்கு யார் பணம் கட்டுவார்கள்? கழிப்பறை இருக்கிறதா, இருந்தால் அதன் கழிவு எங்கே போகிறது? மழைநீர் எங்கே வடியும்? இவை விட்டுப்போன மதிப்பீடு, வேலை பாதியில் இருக்கும்போது "கூடுதல் வேலை" என்ற பெயரில் மறுபடியும் உங்கள் முன்னால் வந்து நிற்கும். அப்போது வேண்டாம் என்று சொல்ல முடியாது, ஏனென்றால் பாதிப் பூங்கா கட்டியாகிவிட்டது.

சிகாகோவின் மில்லேனியம் பூங்கா இதற்குப் பெரிய உதாரணம். 1998-இல் திட்டத்தை அறிவித்தபோது சொன்ன செலவு 15 கோடி டாலர், முடிப்பதாகச் சொன்ன வருடம் 2000. திறந்தது 2004 ஜூலையில். மொத்தச் செலவு 47 கோடி டாலரைத் தாண்டியது. வடிவமைப்பு முடியாமலே வேலையைத் தொடங்கினார்கள். நடுவில் புதிய அரங்கம், புதிய சிற்பம் என்று சேர்த்துக்கொண்டே போனார்கள். இன்று அந்தப் பூங்கா உலகப் புகழ் பெற்றது, நன்கொடையாளர்களும் பெரும் தொகை கொடுத்தார்கள், ஆகவே அந்த நகரம் அதைச் சுமந்துவிட்டது. உங்கள் மன்றத்துக்கு அந்த நன்கொடையாளர்கள் இருக்கிறார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வரைபடம் முழுதாக முடியாத வேலைக்கு டெண்டர் விடக் கூடாது என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

டெண்டர் வந்ததும் மொத்தத் தொகை யாருடையது குறைவு என்று பார்த்துவிட்டுக் கோப்பை மூடுவது வழக்கம். கொஞ்சம் நில்லுங்கள். வேலி, மண் என்று ஒவ்வொரு வேலை இனத்துக்கும் அவர் போட்டிருக்கும் விலையையும் படியுங்கள். அனுபவமுள்ள ஒப்பந்ததாரருக்கு எந்த இனத்தின் அளவு கூடும், எது குறையும் என்று தளத்தைப் பார்த்ததுமே தெரியும். வேலி குறையும் என்று தெரிந்தால் வேலிக்கு அடிமாட்டு விலை போடுவார். மண் நிரப்புவது கூடும் என்று தெரிந்தால் அதற்குச் சந்தை விலையைவிட உயர்த்திப் போடுவார். கூட்டினால் அவர்தான் குறைந்த விலைக்காரர். வேலை முடிந்து அளவுகள் மாறியபின் கூட்டினால் அவர்தான் அதிக விலைக்காரர். சட்டத்துக்கு உட்பட்டே இது நடக்கும். தடுக்க ஒரே வழி, மதிப்பீட்டு விலையிலிருந்து வெகுவாக விலகி நிற்கும் இனங்களைப் பொறியாளரிடம் காட்டி, "இந்த அளவை மறுபடி அளந்து பார்த்தீர்களா?" என்று ஒப்புதலுக்கு முன்பே கேட்டு, பதிலைக் குறிப்பில் ஏற்றுவதுதான்.

ஒரே பூங்காவை நடைபாதை ஒரு வேலை, விளக்கு ஒரு வேலை, செடி ஒரு வேலை என்று துண்டு போட்டு, ஒவ்வொன்றையும் டெண்டர் வரம்புக்குக் கீழே, அதாவது டெண்டர் விடாமலே கொடுக்கக்கூடிய தொகைக்குள், கொண்டுவருவது பழைய தந்திரம். ஓராண்டு வேலைப் பட்டியலை இடவாரியாக அடுக்கினால் தானாகத் தெரிந்துவிடும்.

இப்போது மண்ணுக்கு அடியில் வருவோம். இதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல ஆசைப்படுகிறேன், ஏனென்றால் இங்கேதான் யாரும் பார்ப்பதில்லை.

மரம் நடும் குழியை எடுத்துக்கொள்ளுங்கள். மதிப்பீட்டில் ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் ஆழம் என்று எழுதியிருக்கும். அதாவது ஒரு கன மீட்டர். தோண்டுவது, கல் பொறுக்குவது, நல்ல மண்ணும் எருவும் கலந்து நிரப்புவது எல்லாம் அந்தக் கணக்கில்தான். களத்தில் மூன்று பக்கமும் 60 சென்டிமீட்டராகத் தோண்டினால் எவ்வளவு ஆகும்? 0.216 கன மீட்டர். ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல். மேலே பார்த்தால் வட்டமாகப் பாத்தி கட்டி, நடுவில் செடி, பக்கத்தில் முட்டுக்குச்சி, எல்லாம் அச்சாக இருக்கும். வேலை நடந்த அளவோ ஐந்தில் ஒன்று, பில்லோ முழுதாக.

ஒரு ஊரில் இப்படித்தான் ஒரு பூங்காவைத் தணிக்கைக்காகப் பார்க்கப் போனேன். முடிந்த வேலையை அளந்து எழுதிவைக்கும் அளவுப் புத்தகத்தில் எல்லாக் குழியும் ஒரே அளவு, ஒரு சென்டிமீட்டர்கூட ஏற்ற இறக்கம் இல்லை. கையால் தோண்டிய குழிகள் அப்படி இருக்கவே முடியாது. அங்கே இருந்த தோட்டக்காரரிடம் கம்பி இருக்கிறதா என்று கேட்டேன். அரை அங்குலக் கம்பி ஒன்றைக் கொண்டுவந்தார். செடிக்கு ஒரு முழம் தள்ளிக் குத்தினேன். ஒரு சாண் இறங்கி, "டக்" என்று நின்றது. இன்னொரு குழி, அதே இடத்தில் நின்றது. மூன்றாவதில் மண்ணைக் கிளறச் சொன்னேன். கீழே உடைந்த செங்கல், சிமென்ட் பூச்சு, ஒரு பீங்கான் துண்டு. முன்னால் அங்கே இருந்த கட்டடத்தை இடித்த கழிவை அப்புறப்படுத்தியதாகத் தனியே ஒரு பில் கொடுத்திருந்தார்கள். கழிவு எங்கேயும் போகவில்லை. அதன் மேல் ஒரு சாண் செம்மண்ணைப் பரப்பியிருந்தார்கள். தோட்டக்காரர் மெதுவாகச் சொன்னார்: "நானும் தண்ணி ஊத்திப் பாத்தேன் சார், எது வச்சாலும் ரெண்டாவது வெயிலுக்கு நிக்க மாட்டேங்குது." அவருக்குத் தெரிந்திருந்தது. அவரிடம் யாரும் கேட்கவில்லை.

அன்றிலிருந்து எந்தப் பூங்காவுக்குப் போனாலும் முதலில் தோட்டக்காரரோடும் காவலாளியோடும் பேசிவிட்டுத்தான் கோப்பைத் திறப்பேன். நீங்களும் அப்படிச் செய்யுங்கள். அவர்கள் சொன்னதை அவர்கள் பெயரோடு எழுதிவிடாதீர்கள், வேலை போய்விடும். அவர்கள் காட்டிய இடத்தை நீங்களே அளந்து, உங்கள் பெயரில் எழுதுங்கள்.

மூடிவிட்டால் பார்க்க முடியாத வேலைகளின் பட்டியலை ஆரம்பத்திலேயே பொறியாளரிடம் கேட்டு வாங்குங்கள்: மரக்குழி, நடைபாதையின் அடித்தளம், மழைநீர்க் குழாய், மின்கம்பியின் ஆழம், நீரூற்றின் நீர்க்கசிவுத் தடுப்பு, விளையாட்டுச் சாதனங்களின் அஸ்திவாரம். ஒவ்வொன்றையும் மூடுவதற்கு முந்தைய நாள் குழுவுக்குத் தகவல் வர வேண்டும், அளவுகோல் வைத்து எடுத்த படம் கோப்பில் சேர வேண்டும் என்று தீர்மானம் போடுங்கள். வேறெந்தத் தீர்மானமும் போடாவிட்டாலும் இதைப் போட்டுவிடுங்கள். எப்போது வேண்டுமானாலும் ஆள் வந்து பார்ப்பார்கள் என்று தெரிந்தாலே குழியின் ஆழம் தானாகக் கூடும்.

குழந்தைகள் விளையாடும் இடத்துக்குத் தனிக் கவனம் வேண்டும். வண்ண ரப்பர் தரையைப் பார்த்தால் எல்லோருக்கும் திருப்தி. அந்தத் தரை இரண்டு அடுக்கு. மேலே தெரியும் வண்ண அடுக்கு மெல்லியது, அழகுக்கும் தேய்மானத்துக்கும். குழந்தை விழுந்தால் அடியைத் தாங்குவது கீழே இருக்கும் கறுப்பு அடுக்கு. சறுக்கு எவ்வளவு உயரமோ அதற்கேற்ப அந்தக் கறுப்பு அடுக்கின் தடிமன் கூட வேண்டும். காசு மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் அதைத்தான் குறைப்பார்கள், மேலே ஒரு வித்தியாசமும் தெரியாது. ஐரோப்பாவில் இதற்கென்றே தரநிலை இருக்கிறது (இ.என். 1177). தலையில் படும் அடியின் கடுமையை அளக்கும் குறியீட்டெண் 1000-ஐத் தாண்டக் கூடாது என்பது அதன் வரம்பு. தயாரிப்பாளர் கொடுக்கும் சான்றிதழ் அவர் ஆய்வுக்கூடத்தில் போட்ட தரைக்கானது. உங்கள் பூங்காவில் போட்ட தரையில், போட்ட பிறகு செய்த சோதனையின் அறிக்கையைக் கேளுங்கள். அது கிடைக்காவிட்டால் ஓரத்தில் ஓர் இடத்தை வெட்டிப் பார்த்துத் தடிமனையாவது அளக்கச் சொல்லுங்கள், ஒட்டிவிடலாம்.

இடைவெளிகளையும் பாருங்கள். கைப்பிடிக் கம்பிகளுக்கு நடுவே, ஏணிப் படிகளுக்கு நடுவே உள்ள இடைவெளி ஏறத்தாழ 9 சென்டிமீட்டருக்கும் 23 சென்டிமீட்டருக்கும் இடைப்பட்டதாக இருக்கக் கூடாது என்பது அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டுதல். அந்த அளவில் குழந்தையின் உடல் நுழைந்துவிடும், தலை சிக்கிக்கொள்ளும். இதைப் பார்க்கப் பொறியியல் படிக்க வேண்டாம், ஓர் அளவுநாடா போதும். ஊஞ்சலின் சங்கிலியைப் பார்க்கும்போது கீழே பார்க்காதீர்கள், மேலே கொக்கியில் உட்காரும் முதல் வளையத்தைப் பாருங்கள். தேய்வது அங்கேதான். கீழிருந்து பார்த்தால் புதிதுபோல் இருக்கும். ஏணி வைத்து ஏறிப் பார்த்தால் பாதி கரைந்திருக்கும்.

ஐரோப்பியத் தரநிலை விளையாட்டுச் சாதனங்களுக்கு மூன்று வகைச் சோதனை சொல்கிறது: உடைசல், கண்ணாடித் துண்டு போன்றவற்றைக் கண்ணால் பார்க்கும் அன்றாடச் சோதனை, ஒன்றிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை அசைத்து, முறுக்கிப் பார்க்கும் சோதனை, ஆண்டுக்கு ஒருமுறை அஸ்திவாரம் வரை பார்க்கும் முழுச் சோதனை. உங்கள் ஊரில் எந்தத் தரநிலையைப் பின்பற்றினாலும் இந்த மூன்றுக்கும் தனித்தனிப் பதிவேடு இருக்கிறதா என்று கேளுங்கள். பதிவேட்டைக் கையில் வாங்கியதும் மையைப் பாருங்கள். மூன்று மாதக் கையெழுத்தும் ஒரே பேனா, ஒரே சாய்வு என்றால் ஒரே நாளில் உட்கார்ந்து போட்டிருக்கிறார்கள்.

பராமரிப்பு பற்றிச் சுருக்கமாகச் சொல்ல முடியாது, ஆனாலும் முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். பூங்கா கட்டுவதற்கு நிதி வரும்; மேலிருந்து வரும், நன்கொடையாக வரும். பராமரிக்க நிதி வராது. அதை உங்கள் நகரத்தின் அன்றாட வருமானத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். ஆகவே புதிய பூங்கா ஒவ்வொன்றும் பழைய பூங்காக்களின் தண்ணீரையும் ஆளையும் பங்கு போட்டுக்கொள்கிறது. புதிய திட்டத்துக்கு ஒப்புதல் கேட்கும் ஒவ்வொரு கோப்பிலும் அடுத்த பத்து வருடத்துக்கு வருடாந்திரப் பராமரிப்புச் செலவு எவ்வளவு, அது எந்தக் கணக்குத் தலைப்பிலிருந்து வரும் என்று ஒரு பக்கம் இல்லாவிட்டால் திருப்பி அனுப்புங்கள். செயற்கை நீரூற்று, வண்ண விளக்கு, உடற்பயிற்சிக் கருவி, இவை மூன்றும் முதல் வருடத்திலேயே பழுதாகத் தொடங்கும். மரமும் நிழலும் உட்கார ஒரு திண்ணையும் பல வருடம் நிற்கும். திட்டத்தில் எதை வெட்டுவது என்று வந்தால் நீரூற்றை வெட்டுங்கள், மரத்தில் கை வைக்காதீர்கள். இது என் சொந்தக் கருத்துதான், ஆனால் பழுதுபார்ப்பு பில்கள் நிறையப் படித்த பிறகு வந்த கருத்து.

நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க் 1970-களில் நகரத்தின் நிதி நெருக்கடியில் சீரழிந்து கிடந்தது. 1980-இல் அதற்கென ஒரு தனியார் அறக்கட்டளை அமைப்பு உருவாகிப் படிப்படியாகச் சீரமைத்தது. நன்கொடையைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். எனக்குப் பிடித்தது அவர்கள் செய்த இன்னொரு ஏற்பாடு: 843 ஏக்கர் பூங்காவை 49 பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு தோட்டக்காரரைப் பொறுப்பாக்கினார்கள். இந்த மூலையில் புல் காய்ந்தால் யாரைக் கேட்பது என்பதற்கு ஒரு பெயர் இருந்தது. இதற்குப் பெரிய நிதி வேண்டாம். உங்கள் ஊரில் பத்துப் பேர் கொண்ட குழு எல்லாப் பூங்காவையும் சுற்றிச் சுற்றிப் பராமரிக்கிறது என்றால், எந்தப் பூங்காவும் யாருடையதும் இல்லை என்று அர்த்தம். பிரித்துக் கொடுங்கள்.

தனியார் நிறுவனமோ சங்கமோ பூங்காவைத் தத்தெடுக்க முன்வந்தால் மகிழ்ச்சியோடு பேசுங்கள். ஆனால் ஒப்பந்தத்தில் நான்கு விஷயத்தை நீங்களே படித்துப் பாருங்கள்: கதவு திறக்கும் நேரத்தை யார் முடிவு செய்வது, நுழைவுக் கட்டணம் வைக்க யாருக்கு அதிகாரம், விழாவுக்கு வாடகைக்கு விட்டால் அந்தப் பணம் எங்கே போகிறது, ஒப்பந்தத்தை மன்றம் எப்போது முறித்துக்கொள்ளலாம். கட்டணம் வைத்த முதல் வாரத்தில் பூங்காவிலிருந்து யார் காணாமல் போகிறார்கள் என்று பாருங்கள். தனியே வரும் முதியவர்களும், கையில் காசில்லாத பிள்ளைகளும்தான். வேறு போக்கிடம் இல்லாததால் பூங்காவுக்கு வந்தவர்கள் அவர்கள்.

யாருக்குக் கிடைக்கிறது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். வியன்னாவில் 1990-களில் எண்ணிப் பார்த்தபோது, ஒன்பது பத்து வயதுக்கு மேல் பெண்பிள்ளைகள் பூங்காவுக்கு வருவது வெகுவாகக் குறைவதைக் கண்டார்கள். பையன்கள் பந்தாட்டத்துக்கு முழுத் திடலையும் எடுத்துக்கொண்டார்கள், போட்டி போட்டு இடம் பிடிக்க விரும்பாத பிள்ளைகள் ஒதுங்கிவிட்டார்கள். 1999 முதல் இரண்டு பூங்காக்களை மாற்றிப் பார்த்தார்கள்: பெரிய திடலைப் பிரித்தார்கள், வேறு விளையாட்டுகளுக்கும் இடம் விட்டார்கள், பாதைகளையும் வெளிச்சத்தையும் சரிசெய்தார்கள். பெண்பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். உங்கள் குழுவும் இதைச் செய்யலாம். ஒரு வேலை நாள், ஒரு விடுமுறை நாள், காலையும் மாலையும் ஒரு மணி நேரம் வாசலில் உட்கார்ந்து எண்ணுங்கள்: ஆண், பெண், சிறுவர், முதியவர், சக்கர நாற்காலியில் வந்தவர். "மக்கள் பெருமளவில் பயன்படுத்துகிறார்கள்" என்ற வரியை அதற்குப் பிறகு எந்த அறிக்கையிலும் உங்களால் சும்மா கடந்துபோக முடியாது.

எந்தப் பகுதிக்கு முதலில் பணம் என்பதில்தான் மன்றத்தில் சண்டை வரும். சத்தமாகப் பேசும் உறுப்பினரின் பகுதிக்குப் போவதுதான் வழக்கம். அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரத்தில் பூங்காக்களுக்கென்றே 1883 முதல் தனி வாரியம் இருக்கிறது. அதன் ஒன்பது உறுப்பினர்களை மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள். அவர்கள்கூட இந்தச் சண்டையைத் தவிர்க்கப் புள்ளி முறை வைத்தார்கள்: அந்தப் பகுதியின் வறுமை, மக்கள் நெருக்கம், சிறுவர் எண்ணிக்கை, இருக்கும் சாதனங்களின் நிலை ஆகியவற்றுக்குப் புள்ளி போட்டு, அந்த வரிசையில் பணம். உங்களுக்கு ஏற்ற அளவுகோலை நீங்களே வகுத்துக்கொள்ளலாம். நிதியாண்டு தொடங்குமுன் அதை வெளியிட்டுவிடுங்கள், நடுவில் மாற்றாதீர்கள்.

மக்கள் கூட்டம் நடத்தச் சொல்வார்கள், நடத்துங்கள். திட்டம் முடிவான பிறகு வண்ணம் பச்சையா நீலமா என்று கேட்கும் கூட்டமாக அது இருக்க வேண்டாம். பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரம் 1989-இல் பட்ஜெட்டின் ஒரு பகுதியை எதற்குச் செலவிடுவது என்பதையே மக்கள் கூட்டத்தின் முன் வைத்தது, அந்த முறை பல நாடுகளுக்குப் பரவியது. அவ்வளவு தூரம் போக முடியாவிட்டாலும், வரைபடம் பென்சிலில் இருக்கும்போதே கூட்டுங்கள்.

ஓர் எச்சரிக்கை. கண்காணிப்பது வேறு, வேலையை நடத்துவது வேறு. தளத்தில் நின்று ஒப்பந்ததாரரிடம் "இதை இப்படிப் போடு" என்று நீங்கள் சொன்னால் அன்றோடு பொறியாளரின் பொறுப்பு போய்விடும். நாளை தவறு வந்தால் "உறுப்பினர்தான் சொன்னார்" என்பார்கள். பார்த்ததை எழுதுங்கள், தேதி போட்டுப் பொறியாளருக்கு அனுப்புங்கள், பதிலை அடுத்த கூட்டக் குறிப்பில் ஏற்றுங்கள். டெண்டர் போட்டவர்களில் உறவினரோ கூட்டாளியோ இருந்தால் அந்தப் பொருள் வரும்போது எழுந்து வெளியே போய்விடுங்கள், போனதையும் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள்.

கடைசியாக, நீங்கள் உடனே செய்யக்கூடிய ஒன்று. ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் குறைகளைச் சரிசெய்து கொடுக்க ஒரு பொறுப்புக் காலம் இருக்கும். அதுவரை பில்லில் ஒரு பகுதியைப் பிடித்து வைத்திருப்பார்கள். அந்தக் காலம் முடிந்ததும் பிடித்தத் தொகை தானாகத் திரும்பிப் போய்விடும். அதற்குப் பிறகு நடைபாதை அமிழ்ந்தாலும் செடி பட்டுப்போனாலும் உங்கள் செலவு. நான் பார்த்த பல கோப்புகளில் அந்தத் தேதி வந்து போனதே யாருக்கும் தெரியாது. கடந்த இரண்டு வருடத்தில் முடிந்த பூங்கா வேலைகளின் பட்டியலைக் கேட்டு வாங்கி, ஒவ்வொன்றுக்கும் அந்தத் தேதியை உங்கள் நாட்குறிப்பில் எழுதுங்கள். தேதிக்கு இரண்டு மாதம் முன்னால், முடிந்தால் நல்ல மழை பெய்த மறுநாள் காலை, அளவுநாடாவும் ஒரு கம்பியும் எடுத்துக்கொண்டு போங்கள். தண்ணீர் எங்கே தேங்கி நிற்கிறது, எத்தனை செடி உயிரோடு இருக்கிறது, எந்தக் கல் ஆடுகிறது என்று எழுதி, பிடித்தத்தை விடுவிக்குமுன் சரிசெய்யச் சொல்லிக் கடிதம் கொடுங்கள். போகும்போது தோட்டக்காரரைப் பார்த்துப் பேச மறக்காதீர்கள்.